சாவி போட்டால் திறக்காத பெட்டி

பூட்டுக்காரருக்குத் தெருவில் இன்னொரு பெயரும் உண்டு. 'எதுக்கும்' அண்ணன். வாயைத் திறந்தால் முதலில் வருவது அந்தச் சொல்தான். "எதுக்கும் ஒரு தடவை பாத்துட்டு வரேன்." "எதுக்கும் அந்த ஆளை உள்ள விடாத." கடையை அடைத்துவிட்டு நாலு எட்டு வைப்பார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். இன்னும் நாலு எட்டு வைப்பார், மறுபடி வருவார்.

"அண்ணே, நீங்க இழுக்கிற இழுப்புல பூட்டு ஒருநாள் கையோட வந்துடப் போவுது" என்பார் பக்கத்துக் கடைத் தையல்காரர்.

பூட்டுக்காரருக்குச் சிரிப்பு வராது. இந்த மனுஷன் எதற்கு நம் பூட்டையே கவனிக்கிறார் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

பிறக்கும்போதே அவர் அப்படி இல்லை. தொழில் அப்படி ஆக்கிவிட்டது. சந்தோஷமாக இருக்கும் வீட்டில் யாரும் பூட்டுக்காரரைக் கூப்பிடுவதில்லை. அப்பா கண்ணை மூடிய மறுநாளே, கடைசித் தம்பி வந்து சேர்வதற்குள் அலமாரியைத் திறந்துவிடச் சொன்ன அண்ணன்மார்களை அவர் பார்த்திருக்கிறார். கணவன் வேலைக்குப் போன நேரத்தில் அவன் பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே ஒன்றுமே இல்லாததைக் கண்டு அழுத பெண்ணையும் பார்த்திருக்கிறார். ஏதாவது இருந்திருந்தால்கூட அவள் அவ்வளவு அழுதிருக்க மாட்டாள். இருபத்தாறு வருஷம் மனிதர்களை அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தால், கடவுள் படைப்பில் மறுபக்கமும் உண்டு என்பது மறந்துதான் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று நடந்தது. ஒருநாள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். மாடி வீட்டில் குழாய் உடைந்துவிட்டது, வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார், தண்ணீர் கீழ்வீட்டுக்கு ஒழுகுகிறது, சீக்கிரம் வாருங்கள் என்றார்கள். அட்டையில் படம் இருந்தது, முத்திரை இருந்தது. ஓடிப்போய்த் திறந்துவிட்டார். மறுநாள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை காவல் நிலையத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்வி. "நீதானே திறந்தே?" அவர்தானே திறந்தார்.

அதிலிருந்து கழுத்தில் அட்டை நாடா போட்ட யாரைக் கண்டாலும் சாவிக்கொத்தை எடுத்து மடியில் ஒளித்துக்கொள்வார்.

"நாடா போட்டவனெல்லாம் திருடன்னா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பாதி ஜெயில்லதான் இருக்கணும்" என்பாள் அவர் மனைவி. அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். அவள் கழுத்திலும் ஒரு நாடா உண்டு.

இவர்களுக்கு ஒரே மகள். பத்தொன்பது வயது ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். வில் எய்கிறவள். நான்கு வருஷம் விளையாட்டு மன்றத்தின் பொது வில்லில் பழகினாள். போன வருஷம்தான் அவளுக்கென்று ஒரு வில் வந்தது. அதை மூன்று துண்டாகக் கழற்றலாம். நடுவே பிடி, மேலே வளைகிற கை ஒன்று, கீழே ஒன்று. நாண் தனி, குறி பார்க்கிற கருவி தனி, அம்பு பன்னிரண்டு. அவள் கை நீளத்துக்கும் தோள் பலத்துக்கும் அளவெடுத்துச் சரிசெய்தது. வேறு வில்லில் எய்ய முடியாதா என்று அவள் அம்மா கேட்டபோது, "முடியும்மா. இன்னொருத்தர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஊசியில நூல் கோக்கற மாதிரி இருக்கும்" என்றாள்.

அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி வருஷத்துக்கு ஒருமுறைதான். முதல் எட்டுப் பேருக்கு இடம். போன வருஷம் பாப்பா ஒன்பதாவது. இந்த வருஷம் அந்தப் போட்டியைத் தொலைதூர நகரத்தில் வைத்துவிட்டார்கள். விமானத்தில் போய், நடுவில் ஓர் ஊரில் இறங்கி, இன்னொரு விமானம் ஏறவேண்டும். துணைக்கு அப்பா.

"வில்லைக் கையில வச்சுக்க விடமாட்டாங்கப்பா. சரக்கோடதான் போகும்" என்றாள் பாப்பா. "பெட்டியைப் பூட்டவும் கூடாது. சந்தேகம் வந்தா அவங்க திறந்து பாப்பாங்க."

"யாரு பாப்பாங்க?"

"அவங்கதான்."

"அவங்கன்னா யாரு? பேர் இருக்கா?"

"ஐயோ அப்பா."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். பூட்டுக்காரர் ஒரு வாரம் கடையிலேயே கிடந்தார். வில் பெட்டியின் மூடிக்குள் அட்டையைப் பிரித்து, தன் கையால் ஒரு பூட்டு செய்து வைத்தார். வெளியே சாவித் துளை ஒன்று இருக்கும். அதற்குச் சாவியும் உண்டு. ஆனால் சாவியைப் போட்டுத் திருப்பினால் வெறுமனே சுற்றும், திறக்காது. கள்ளன் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்பான். உண்மையான பூட்டு கைப்பிடிக்குள் இருந்தது. அங்கிருந்து மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று மூடியைச் சுற்றி ஓடி, நான்கு மூலையிலும் நான்கு பூட்டு நாக்கை இழுத்துப் பிடித்திருந்தது. எப்படித் திறப்பது என்று மனைவிக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. சாமான்களை அவரே அடுக்கினார், அவரே மூடினார். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு சாவி வேண்டுமே.

விமான நிலையத்தில் முதல் வரிசையிலேயே பெட்டி நீளம் அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். பெரிய சாமான் வாசலுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இருந்த பெண் எடை போட்டுவிட்டு, "உள்ள என்ன?" என்றாள்.

"வில்லும் அம்பும்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "யாரைப் போய் அடிக்கப் போறீங்க?"

"வட்டத்தை" என்றாள் பாப்பா. அவளுக்கு இந்தக் கேள்வி பழக்கம்.

ஆயுதம் என்று போடுவதா, விளையாட்டுச் சாமான் என்று போடுவதா என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. மேலாளரைக் கூப்பிட்டாள். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். முக்கால் மணி நேரம் நின்றார்கள். பின்னால் மடிக்கிற தொட்டிலோடு நின்ற குடும்பம் பெருமூச்சு விட்டது. கடைசியில் சீட்டு ஒட்டும்போது பூட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல நாங்க போற ஊர் பேரே இல்லையே?"

"ஊருக்குக் குறிப்பெழுத்துதான் சார் போடுவோம்."

"அது அந்த ஊர்தான்னு என்ன நிச்சயம்?"

அவள் நிமிர்ந்து பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா கூரையைப் பார்த்தாள்.

"பெட்டி பூட்டியிருக்கா சார்?"

"சும்மா ஒரு கொண்டிம்மா" என்றார். பொய்தான். சொன்னதும் மனதுக்குள் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கேட்டாரே தவிர, பொய்யைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். பாப்பா தண்ணீர் வாங்கப் போனாள். அந்த நேரம் பார்த்து, சீருடை போட்ட ஒருவர் வரிசை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கழுத்தில் நீல நாடா, அதில் அட்டை.

"கருப்புல நீளமா ஒரு பெட்டி. விளையாட்டுச் சாமான். யாரோடதுங்க? திறக்க முடியல. சாவி வேணும்."

பூட்டுக்காரர் கழுத்துச் சாவியைச் சட்டைக்குள் தள்ளினார். சாவி வேணுமாம். சீருடை இருக்கிறது, நாடா இருக்கிறது, அட்டையில் படம் இருக்கிறது. அன்றைக்கு வந்தவர்களிடமும் எல்லாம் இருந்தது. வில் பெட்டி என்று தெரிந்துகொண்டுதான் கேட்கிறான். பெட்டியின் சொந்தக்காரருக்குப் பெயர் இருக்காதா? பேர் சொல்லிக் கூப்பிடாமல் ஏன் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டு வருகிறான்?

அந்த மனிதர் இவர் முன்னால் வந்து நின்றார். "ஐயா, உங்களதா?"

"இல்லைங்க."

"பெட்டிச் சீட்டு வச்சிருக்கீங்களா? எதுக்கும் ஒரு தடவை காட்டுங்க."

தன் சொல்லையே தன்னிடம் ஒருவன் திருப்பிச் சொன்னதில் அவருக்குச் சந்தேகம் இன்னும் முற்றிவிட்டது. சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். "எங்ககிட்ட பெட்டியே இல்லைங்க. கைப்பை மட்டும்தான்."

அந்த மனிதர் ஒரு நொடி அவர் கையையே பார்த்தார். பிறகு அடுத்த வரிசைக்குப் போனார். பாப்பா தண்ணீரோடு வந்தபோது, "யாருப்பா அது?" என்றாள்.

"சும்மா. எதையோ தேடறான்."

பெரிய ஆபத்திலிருந்து மகளின் வில்லைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் விமானம் ஏறினார். மேகத்துக்கு மேலே வந்ததும் கண்ணை மூடி நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொண்ட கடவுள் என்ன நினைத்திருப்பாரோ.

பிற்பகல் நான்கு மணிக்குப் போய் இறங்கினார்கள். சாமான் வரும் பட்டை சுற்றியது. தொட்டில் வந்தது, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி வந்தது, ஒரே பச்சைப் பை ஆறு சுற்று சுற்றியது. பிறகு பட்டை நின்றுவிட்டது.

"எடுத்துட்டான். நான் அப்பவே நினைச்சேன்" என்றார் பூட்டுக்காரர்.

"யாருப்பா எடுத்துட்டான்?"

அவர் அதற்குள் அதிகாரியைத் தேடி நடந்துவிட்டார்.

சாமான் வராதவர்களுக்கென்று மூலையில் ஓர் அறை இருந்தது. அங்கிருந்த அதிகாரி கணினியில் தட்டிப் பார்த்தார். பாப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போட்டி.

"பெட்டி ஏறவே இல்லைம்மா. நீங்க கிளம்பின ஊர்லயே நிறுத்திட்டாங்க. படம் பிடிக்கிற மிஷின்ல உள்ள கம்பி, ஸ்பிரிங் எல்லாம் தெரிஞ்சிருக்கு. சாதாரணப் பெட்டி மாதிரி இல்லைன்னு தனியா வச்சிருக்காங்க. ஆளைத் தேடியிருக்காங்க. காலையில அங்க பேர்ப் பட்டியல் வர்ற கணினி படுத்துக்கிச்சாம், அதனால ஆள் நேர்ல வந்தே கேட்டிருக்காரு." அவர் திரையை மறுபடி படித்தார். "யாரும் எங்களதுன்னு சொல்லலைன்னு எழுதியிருக்கு."

பாப்பா மெதுவாக அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா."

"ம்."

"எதையோ தேடறான்னு சொன்னீங்களே. அவரா?"

பூட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அழகான தரை, பளிங்கு மாதிரி. அதில் தன் முகம் தெரிந்தது.

"என் பெட்டி இல்லைன்னு சொல்லிட்டேன்ம்மா."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவளோ பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, நாண் இழுக்கிற மூன்று விரலையும் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி அந்த ஊருக்குத் தொலைபேசி போட்டு, ரிசீவரைப் பூட்டுக்காரரிடம் நீட்டினார். "அந்த சோதனைக்காரரே லைன்ல இருக்காரு. பேசுங்க."

"கருப்புப் பெட்டி உங்களதாங்க?"

"ஆமாங்க."

"இந்தக் குரலைக் கேட்ட மாதிரி இருக்கே. சட்டைப் பையைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தவரு நீங்கதானே?"

"ஆமாங்க."

அந்தப் பக்கம் காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"உள்ள என்ன இருக்கு? உண்மையைச் சொல்லுங்க."

"வில்லு, பன்னெண்டு அம்பு, நாண்..."

"அது தெரியுது. சுத்திவரக் கம்பி ஓடுதே, அது என்ன?"

"பூட்டுங்க."

"பூட்டா? பூட்டு எதுக்குய்யா பெட்டியைச் சுத்தி ஓடுது? உம்மை நம்பச் சொல்றீரா?"

வாழ்நாளில் முதல் தடவையாகத் தராசின் இன்னொரு தட்டில் உட்கார்ந்திருந்தார் பூட்டுக்காரர். மற்றவர்களைப் பார்த்து அவர் கேட்கிற கேள்வி எல்லாம் இப்போது அவரைப் பார்த்து வந்தது. பாப்பாவின் போட்டிக்காகத் தான் பெட்டி செய்த கதையைச் சொல்லச் சொல்ல, அவர் காதுக்கே அது கள்ளன் சொல்கிற கதை மாதிரிதான் கேட்டது.

"சரி விடுங்க. வெட்டற மிஷினோட ஆள் வந்து நிக்கறாரு. வெட்டித்தான் பாக்கணும். ஆறு மணிக்கு இங்கிருந்து ஒரு விமானம் இருக்கு. அதை விட்டா நாளைக்கு மதியம்தான்."

"வெட்டாதீங்க!" என்று அலறிவிட்டார். "கம்பி இழுவைல இருக்கு. அறுத்தா தெறிச்சு வில்லு மேலதான் அடிக்கும்."

"அப்போ எப்படித் திறக்கணும்? சாவி எங்கே?"

"சாவி போட்டாத் திறக்காதுங்க."

"யோவ்!"

கழுத்தில் தொங்கிய சாவியைப் பூட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். சொன்னால், நாடா போட்ட ஓர் ஆளுக்குப் பெட்டி திறந்துவிடும். அவர் யார், எப்படிப்பட்டவர், பக்கத்தில் யார் நிற்கிறார்கள், ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு குரல், அதுவும் கோபமான குரல். அன்றைக்கும் நான்தானே திறந்தேன் என்று மனம் அடித்துக்கொண்டது. நாற்காலியில் பாப்பா இன்னும் விரலைப் பிடித்தபடி இருந்தாள். ஆண்டவனே, அந்த ஆள் நல்லவராக இருக்கட்டும் என்று வேண்டினார். வேறு வழி தெரியவில்லை.

"அஞ்சு ஆணி இருக்கும், கைப்பிடிக்குக் கீழே. இடது பக்கத்துல இருந்து மூணாவதை அழுத்துங்க. அழுத்திக்கிட்டே கைப்பிடியை வலது பக்கம் தள்ளணும். இப்போ மூடியைத் தூக்காதீங்க. முதல்ல கீழ அமுக்குங்க. ஒரு சத்தம் கேக்கும். அப்புறம் தூக்குங்க."

தூரத்தில் யாரோ ஏதோ பேசினார்கள். 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம். அவர் கையால் செய்த சத்தம். அது அவருக்கு நெஞ்சில் கேட்டது.

"திறந்துடுச்சு" என்றது குரல். பிறகு, கோபம் கொஞ்சம் இறங்கி, "நல்லாத்தான்யா செஞ்சிருக்கீரு" என்றது.

"அம்பு எத்தனை இருக்குங்க?"

"இப்பத்தானே திறந்தேன்! இருங்க, எண்ணறேன். நான் எண்ணாட்டியும் நீங்க எண்ணுவீங்க." எண்ணுகிற சத்தம் கேட்டது. "பன்னெண்டு. மறுபடி இதே மாதிரி பூட்டவா? ஆனா ஒண்ணு, நடுவுல மாறற ஊர்லயும் மிஷின்ல போடுவாங்க. அங்கயும் நிறுத்துவாங்க. அங்க எனக்குத் தெரிஞ்ச ஆள் கிடையாது."

பூட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பூட்ட வேண்டாங்க. கம்பியைக் கழட்டிடுங்க. ஏதாவது கட்டி அனுப்புங்க."

மாலை மனைவிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"மொகம் தெரியாத ஆள்கிட்ட போன்லயே சொல்லிட்டீங்க. இருபத்தோரு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன், எனக்குச் சொல்லல."

"அவசரம்மா."

"இருக்கட்டும். இனிமே எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னா நானும் உங்களை ஒரு அவசரத்துல மாட்டிவிடறேன்."

பூட்டு இல்லாத பெட்டி இரண்டு விமானம் மாறி வருகிற வரைக்கும் அவர் சரியாகத் தூங்கவில்லை. எத்தனை கை மாறும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பதினொன்று வந்தது. பதினொரு பேரும் நல்லவர்களாக இருப்பதென்றால் அது உலகத்தில் நடக்கிற காரியமா?

விடிந்தும் விடியாமலும் இருவரும் பட்டை ஓரத்தில் நின்றார்கள். பெட்டி நான்காவதாக வந்தது. மஞ்சள் நாடாவால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டிருந்தார்கள். பாப்பா அங்கேயே முழங்காலிட்டுத் திறந்தாள். மேல் கையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். கீழ் கை, நடுப்பிடி, நாண். குறி பார்க்கிற கருவியில் அவள் போட்டு வைத்திருந்த கோடு அதே இடத்தில் இருந்தது. அவள் மூச்சு விட்டாள்.

பூட்டுக்காரர் அம்பை எண்ணினார். பன்னிரண்டு. திரும்ப எண்ணினார். பன்னிரண்டு. அம்புக்குக் கீழே ஒரு துண்டுத்தாள் இருந்தது. எதுவும் குறையாமல், கூடுதலாக ஒன்று இருந்ததும் அவருக்குத் திக்கென்றது. எடுத்துப் படித்தார்.

'கைப்பிடித் திருகு ஒன்று லூசாக இருந்தது. முடுக்கிவிட்டேன். கம்பியும் பூட்டும் இங்கே அலுவலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பாப்பா நன்றாக எய்யட்டும்.'

"என் திருகு லூசா?" என்றார். "நான் முடுக்கினது லூசா? இவன் எதையோ கழட்டிட்டு..." நகத்தை வைத்துத் திருகைத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. பக்கத்துத் திருகைப் பார்த்தார். அதுவும் அசையவில்லை. மூன்றாவது, அந்த ஆள் கை படாமல் இவரே கடையில் முடுக்கியது, நகத்தோடு கால் சுற்று சுற்றியது.

"அப்பா, நேரமாச்சு. போலாம்."

"இரும்மா." அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தாளில் கையெழுத்தும் இல்லை. வாடகை வண்டியில் போகும்போது, 'அந்த நீல நாடாக்காரர்' என்று அடையாளம் சொல்லிக் கடவுளிடம் ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டார். கடவுளுக்குப் பெயர் தெரிந்திருக்கும்.

பாப்பா ஏழாவதாக வந்தாள். கடைசி மூன்று அம்பில்தான் மேலே ஏறினாள்.

திரும்பும் நாளில் பெரிய சாமான் வாசலில், "பூட்டியிருக்கா?" என்று கேட்டார்கள். "இல்லைங்க" என்றார் பூட்டுக்காரர். இந்த முறை அது உண்மை. பெட்டி பட்டையில் ஏறி நகர்ந்தது. அவர் கண்ணாடிச் சுவர் ஓரமாக அதோடு கூடவே நடந்தார். ரப்பர்த் திரை விலகி, பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு மூடிய பிறகும், குனிந்து அந்த இடுக்கு வழியாகப் பார்த்தார்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. எதுக்கும்."